மாஸ்டர் பக்கத்துப் பிரேக்

“அப்பா, நான் ஷூ வாங்கப் போறேன். சண்டைக்குப் போகல.”

மாஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை. மகளுடைய பையின் முன் அறையில் ஒரு நோட்டை வைத்தார். பின் அறையில் இன்னொன்று. மூன்றாவதை நாலாக மடித்து, அவளுடைய சட்டைப் பாக்கெட்டுக்கு எதிரே ஒரு ஊக்கோடு வந்து நின்றார்.

“அது எதுக்கு?”

“பை தொலைஞ்சா பாக்கெட்ல இருக்கும். பாக்கெட்ல எவனாவது கைய விட்டா ஊக்கு குத்தும்.”

“யாரை?”

“திருடனை.”

“பாக்கெட் என்னோடதுப்பா. முதல்ல கை விடப்போறது நான்.”

மாஸ்டர் ஊக்கை மேசையில் வைத்தார். நியாயம் இருந்தது.

அவர் டிரைவிங் பள்ளியில் மாஸ்டர். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் மாஸ்டருக்கு ஒரு பிரேக். வருஷக்கணக்காக அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே பிழைத்தவர். பஸ்ஸில் போனாலும், நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்தாலும், ஆபத்து தெரிந்தால் வலது கால் தரையை மிதிக்கும்.

மகளுக்குப் பதினாலு வயது. வீட்டில் அவள் பேர் வாலு. வைத்தது அவள் அம்மா. அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்தப் பேருக்கு ஏற்ற காரியம் எதுவும் அந்த வீட்டில் நடக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். வைத்ததைச் சாப்பிடுவாள். தனக்கென்று எதுவும் கேட்கமாட்டாள். போன வாரம்தான் தட்டைப் பார்த்தபடி, “ஷூ கடிக்குது. புதுசு வாங்கணும். நானே தனியாப் போய் வாங்கட்டுமா?” என்றாள்.

மாஸ்டர் சரி என்றார். வாய் சொல்லிவிட்டது. கால் அன்றிலிருந்து தரையை மிதித்துக்கொண்டிருந்தது. இது மட்டும் சொதப்பினால் அவள் மறுபடி தட்டுக்குள் போய்விடுவாள், பிறகு ஒன்றும் கேட்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

“என் கிளாஸ்ல எல்லாரும் கார்டு வெச்சிருக்காங்க,” என்றாள் வாலு, நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தபடி. “நீங்களும்தான் பேங்க்ல வாங்கி வெச்சிருக்கீங்களே. அதைக் குடுங்க.”

வாங்கித்தான் வைத்திருந்தார். ஜோடிக் கார்டு. ஒன்று பெற்றோருக்கு, ஒன்று பிள்ளைக்கு. இரண்டும் ஒரே நீலம். மூலையில் ஒரு யானை. பிள்ளை எங்கே செலவு செய்தாலும் பெற்றோரின் போனுக்குச் செய்தி வந்துவிடும். எந்தக் கடையில் செல்லும், எதில் செல்லாது என்பதையும் போனிலிருந்தே தீர்மானிக்கலாம். வாகனம் இல்லாமலே ஒரு இரண்டாவது பிரேக். பார்த்த மாத்திரத்தில் மாஸ்டருக்கு அது பிடித்துப்போயிருந்தது.

மேசையிலிருந்த இரண்டு கார்டுகளில் ஒன்றை அவளிடம் கொடுத்தார். மற்றதைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

“மூணு விஷயம்,” என்றாள். “போன் பண்ணக்கூடாது. பின்னாடி வரக்கூடாது. கடைக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெக்கக்கூடாது. தினமும் நீங்க போனப்புறம் நானே வீட்டைப் பூட்டி, நானே ஸ்கூல் பஸ் ஏறிப் போறேன். ஷூ வாங்க மட்டும் தெரியாதா?”

“சத்தியமா வரமாட்டேன்.”

அதில் பொய் இல்லை. பின்னாடி வரக்கூடாது என்றுதான் அவள் சொன்னாள். முன்னாடியே போய் எதிர்க்கடையில் உட்காரக்கூடாது என்று சொல்லவில்லை. அதற்காக, ஸ்கூல் விடுமுறையான அன்று அவரும் லீவு போட்டிருந்தார். ஒரு கறுப்புக் கண்ணாடியும், இரவல் தொப்பியும் கட்டிலுக்கடியில் தயாராக இருந்தன.

அப்போது போன் அடித்தது. டிரைவிங் பள்ளியின் ஆபீஸ் அம்மா.

“மாஸ்டர், உங்க லீவு கேன்சல். புது அட்மிஷன் ஒண்ணு. நீங்கதான் வேணுமாம், இன்னிக்குக் காலைலதான் வேணுமாம். பணம் முழுசாக் கட்டியாச்சு.”

“வேற மாஸ்டரை அனுப்புங்க.”

“வேற மாஸ்டரை அனுப்பணும்னா வேற மாஸ்டர் இருக்கணும்ல?”

மாஸ்டர் போனை வைத்தார். வாலு தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “பாவம்ப்பா நீங்க. லீவு நாள்ல கூடக் கூப்பிடறாங்க. பரவாயில்ல, போயிட்டு வாங்க.”

இவ்வளவு கரிசனமாக அவள் பேசி எத்தனை மாதமாயிற்று? அவள் தலை வாரப் போன நேரத்தில், மனசு கேட்காமல், கையிலிருந்த நோட்டுகள் அத்தனையையும் வாசலில் கிடந்த அவளுடைய பழைய ஷூவுக்குள், அடித்தாளைத் தூக்கி அடியில் செருகினார்.

புது மாணவிக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். நல்ல உயரம். கூட்டத்தை அடக்கிப் பழகிய குரல்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்டியரிங்கைத் தொடுமுன் ஒரு டீ வாங்கிக் கொடுப்பது மாஸ்டரின் வழக்கம். சூடான டம்ளரைப் பிடித்த கை நடுங்காது என்பது அவர் கட்சி. கையில் காசு இல்லை. எல்லாம் ஷூவுக்குள் போய்விட்டது. கார்டைத் தட்டினார்.

“முன்ன எப்பவாவது வண்டி ஓட்டியிருக்கீங்களா மேடம்?”

“கார் ஓட்டினதே இல்ல மாஸ்டர்.”

“என்ன வேலை பாக்கறீங்க?”

“பிள்ளைங்களோட வேலை.”

“டீச்சரா?”

“கிட்டத்தட்ட.”

காரைக் கிளப்பினார்கள். முதல் திருப்பத்திலேயே மேடம் நடுத்தெரு வரை நேரே போய், பிறகு அகலமாக ஒரு வட்டமடித்து, எதிர்ப்பக்கத்துக் காய்கறி வண்டியை உரசாமல் உரசித் திரும்பினார்.

“மேடம், இது கார். பின்னாடி ஒரு வீட்டைக் கட்டி இழுத்துக்கிட்டு வரல. கொஞ்சமாத் திருப்பினாப் போதும்.”

“பயம் மாஸ்டர்.”

“அடுத்த முனையில வலதுபக்கம் எடுங்க. கடைத்தெரு வழியாப் போனா நல்ல பழக்கம் கிடைக்கும்.” பழக்கம் மேடத்துக்கு, செருப்புக்கடை ஜன்னல் மாஸ்டருக்கு.

முனை வந்தது. வண்டி மூன்று முறை குதித்து நின்றுபோனது. மறுபடி கிளம்பியபோது எப்படியோ இடதுபக்கம் திரும்பியிருந்தது.

அந்த நேரத்தில், சிக்னல் திரும்பி வந்ததும், போன் முனகியது. மாஸ்டர் எடுத்துப் பார்த்தார்.

‘உங்கள் அன்புப் பிள்ளை தேநீர்க் கடையில் இரண்டு தேநீர் வாங்கியுள்ளார். நிம்மதியாக இருங்கள்.’

மாஸ்டரின் கால் பிரேக்கை மிதித்தது. பின்னால் ஏழெட்டு ஹாரன்கள் அலறின.

“நான் ஒழுங்காத்தானே போறேன்? எதுக்கு மாஸ்டர் பிரேக்?”

“உங்களுக்கு இல்ல. என் பொண்ணுக்கு.”

“அவங்க எங்க?”

“அதான் தெரியல. அவ டீயே குடிக்கமாட்டா மேடம். குடிக்காதவ ஒண்ணு வாங்கினாலே தப்பு. ரெண்டு வாங்கியிருக்கா. இன்னொண்ணு யாருக்கு?”

மேடம் நடுக் கண்ணாடியைச் சரி செய்தார். “நல்லவங்களாத்தான் இருப்பாங்க மாஸ்டர். தெரியாதவங்களுக்கு யாரு டீ வாங்கித் தருவா?”

“இந்தக் காலத்துப் பிள்ளைங்களை உங்களுக்குத் தெரியாது.”

மாஸ்டர் போனைத் திறந்து, ‘உணவு, பானம்’ என்ற வரிக்கு எதிரே தடை போட்டார். டீ போச்சு. காலை ஆசுவாசப்படுத்திக்கொண்டார்.

பயிற்சி மைதானத்தின் வாசலில் வண்டி நிறுத்தக் கட்டணம். அங்கேயும் கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போனார். பழைய கிடங்குகள் சூழ்ந்த இடம்; சிக்னல் எட்டிப் பார்க்காது. மேடம் ரிவர்ஸ் எடுத்தார். நட்டு வைத்திருந்த கம்புகளில் ஒன்று விடாமல் சாய்த்தார். ஒன்றைச் சாய்த்துவிட்டு, நிமிர்த்தி வைத்த பிறகு இன்னொரு முறை சாய்த்தார். நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. இப்படி நிதானமாகத் தப்பு செய்கிற ஆளை மாஸ்டர் பார்த்ததில்லை. வேறு நாளாக இருந்தால் யோசித்திருப்பார்.

வண்டியைவிட்டு இறங்கும்போது மேடம் திரும்பிக் காலியான பின்சீட்டை ஒரு பார்வை பார்த்து, “எல்லாரும் இறங்கியாச்சா?” என்றார்.

“யாரு மேடம்?”

“பழக்கம் மாஸ்டர்.”

மைதானத்தைவிட்டு வெளியே வந்ததும் போன் மறுபடி முனகியது.

‘உங்கள் அன்புப் பிள்ளை வாகன நிறுத்துமிடத்தில் கட்டணம் செலுத்தியுள்ளார். நிம்மதியாக இருங்கள்.’

பிரேக். ஹாரன்கள்.

“வண்டி நிறுத்தியிருக்கா,” என்றார் மாஸ்டர். குரல் உள்ளே போய்விட்டது. “எவன் வண்டி? டீ குடிச்சவன் வண்டியா?”

“போன் பண்ணிக் கேளுங்களேன்.”

“பண்ணமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“அப்ப பண்ணாதீங்க,” என்றார் மேடம் உடனே. “பிள்ளைங்க அதையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கும்.”

மாஸ்டர் ‘வாகனச் செலவு’க்கும் தடை போட்டார். “நேரே கடைத்தெருவுக்கு விடுங்க மேடம்.”

வண்டி நின்றது. கிளம்பியது. குதித்தது. ஆறு தெரு சுற்றி, புறவழிச்சாலையில் போய் நின்றது. கடைத்தெரு அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி எங்கோ தூரத்தில் இருந்தது. பெட்ரோல் முள் கீழே படுத்திருந்தது.

பெட்ரோல் பங்க்கில் நிரப்பி முடித்தார்கள். மாஸ்டர் கார்டை நீட்டினார்.

“எடுக்கல அண்ணே,” என்றார் பங்க்காரர்.

போன் முனகியது. ‘உங்கள் அன்புப் பிள்ளை பெட்ரோல் நிரப்ப முயல்கிறார். வாகனச் செலவுக்கு நீங்கள் தடை விதித்திருப்பதால் அனுமதிக்கவில்லை. நிம்மதியாக இருங்கள்.’

“பெட்ரோல் போடறா!”

“யாரு?”

“என் பொண்ணு. பதினாலு வயசு. எந்த ஊருக்குக் கிளம்பறாளோ. நீங்க தட்டுங்க.”

பங்க்காரர் தட்டினார். போன் முனகியது.

“மறுபடியும் போடப் பாக்கறா பாருங்க. விடமாட்டேன்.” மாஸ்டர் போனில் சிவப்பாக இருந்த பெரிய பட்டனை அழுத்தினார். முழுத் தடை. “இப்ப என்ன பண்ணுவா? ம், நீங்க தட்டுங்க.”

பங்க்காரர் தட்டினார். போன் முனகியது. அவர் கார்டைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், மாஸ்டரின் போனைப் பார்த்தார்.

“அண்ணே, நான் தட்டும்போதெல்லாம் உங்க போன் சத்தம் போடுது.”

“போடட்டும். அது வேற பிரச்சினை. நீங்க தட்டுங்க.”

“அதில்ல அண்ணே. இந்தக் கார்டுல யானை பெரிசால்ல இருக்கும்? தினமும் நூறு கார்டு பாக்கறேன். உங்களுது ஏன் இத்துனூண்டு குட்டியா இருக்கு?”

மாஸ்டர் கார்டை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். மூலையில் ஒரு யானைக்குட்டி தும்பிக்கையைத் தூக்கி அவரைப் பார்த்துச் சிரித்தது.

காலையில் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து எதிரே நின்றது. ரெண்டு டீ. மைதானத்து வாசல். பெட்ரோல்.

“நான்தான் மேடம்,” என்றார் மாஸ்டர் மெதுவாக. “அந்த டீ குடிச்சவன் நான்தான்.”

“இன்னொண்ணு நான்,” என்றார் மேடம்.

நிம்மதி வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. குட்டி யானை இங்கே இருக்கிறதென்றால் பெரிய யானை வாலுவிடம் இருக்கிறது. அதில் சம்பளம், சேமிப்பு, அவள் படிப்புக்கென்று ஒதுக்கியது, அவள் அம்மா விட்டுப் போனது, எல்லாம் இருக்கிறது. அதற்குக் கட்டுப்பாடு கிடையாது. செய்தியும் வராது. கடைத்தெருவையே விலை பேசலாம்.

போனில் அந்தக் கார்டுக்கும் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. மாஸ்டர் கட்டைவிரலை அதற்கு நேராகக் கொண்டுபோனார்.

இப்போது அவள் கல்லா முன்னால் நின்றுகொண்டிருப்பாள். பின்னால் வரிசை இருக்கும். கார்டை நீட்டுவாள். எடுக்கல பாப்பா என்பார்கள். இன்னொரு முறை தட்டுவார்கள். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவள் ஷூ பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு, கடிக்கிற ஷூவோடு நடந்தே வீட்டுக்கு வருவாள். என்ன ஆச்சு என்று கேட்டால், ஒண்ணுமில்லப்பா என்பாள். அந்த ஒண்ணுமில்லப்பாவை மாஸ்டர் ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கால் தரையை மிதித்தது.

விரலை எடுத்துவிட்டார்.

“போனாப் போகுது மேடம்,” என்றார். “வாங்கட்டும்.”

மேடம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் பர்ஸைத் திறந்து பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தார். அப்போது மேடத்தின் போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. எதிர்பார்த்திருந்தவர்போல் அவர் எடுத்தும் பார்க்கவில்லை.

“ஏறுங்க மாஸ்டர். கடைத்தெருவுக்குப் போலாம்.”

இந்த முறை வண்டி நிற்கவில்லை, குதிக்கவில்லை. புறவழிச்சாலையிலிருந்து சந்து, சந்திலிருந்து சிக்னல், சிக்னலிலிருந்து கடைத்தெரு. குறுக்கே வந்த சைக்கிளுக்கு வழிவிட்டு, பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும்வரை காத்திருந்து, டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தாலும் தளும்பாதபடி போய்ச் சேர்ந்தது. மாஸ்டர் மனக்கணக்கில் சேமிப்பைக் கழித்துக்கொண்டிருந்ததால் எதையும் கவனிக்கவில்லை. தன் கால் ஒரு தடவைகூடப் பிரேக்குக்குப் போகவில்லை என்பதையும்.

செருப்புக்கடைக்கு எதிரே, ஒரு சரக்கு வேனுக்கும் வரிசையாக நின்ற பைக்குகளுக்கும் நடுவில் ஒரு பொந்து இருந்தது. மேடம் ஒரே ரிவர்ஸில் அதற்குள் நுழைந்து நின்றார். மாஸ்டர் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தார்.

வாலு கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். காலில் புது ஷூ. பக்கத்தில் பழைய ஷூ இருந்த பை. அப்பாவைப் பார்த்ததும் எழுந்தாள்.

“பின்னாடி வரக்கூடாதுன்னு சொன்னேன்ல?”

“வரல. இப்பத்தான் வந்தேன். கார்டு மாறிப்போச்சு, குட்டியானை எங்கிட்ட...”

“தெரியும். கல்லாகிட்ட எடுத்துப் பாத்தேன். பெரிய யானை.” பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினாள். “இதைத் தட்டல. நீங்க குடுக்கணும்னு நெனச்சது இது இல்லையே.”

“அப்ப ஷூ?”

“பழசைக் கழட்டினேன். அடித்தாளோட நோட்டுக் கட்டும் வெளில வந்து விழுந்துச்சு. நடக்கும்போதே நினைச்சேன், என்னடா இன்னிக்கு இன்னும் அதிகமாக் கடிக்குதேன்னு. கல்லால இருந்த அம்மா ரெண்டு விரல்ல பிடிச்சு வாங்கினாங்கப்பா. அப்புறம் கை கழுவப் போயிட்டாங்க.”

சொல்லும்போதே உதடு கோணியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பையைக் கீழே போட்டுவிட்டு, சத்தமாக. தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் அசையாமல் நின்றார். இந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

“மீதி இதோ.” சில நோட்டுகளை அவர் கையில் வைத்தாள். மாஸ்டர் அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“நீயே வெச்சுக்கோ. அடுத்த தடவைக்கு.”

“அடுத்த தடவையும் தனியாவா?”

“தனியாத்தான்.”

“ஊக்கு?”

“கிடையாது.”

வாலு பழைய ஷூவையும் எடுத்துக்கொண்டு காரின் பின்சீட்டில் ஏறினாள். மாஸ்டர் முன்னால் உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்கு வண்டி நின்ற விதம் உறைத்தது. முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு சாண். கோடு போட்டதுபோல் நேர். அவரே நிறுத்தினாலும் இரண்டு தடவை ஒடித்திருப்பார்.

“மேடம், இந்த ரிவர்ஸ்... கம்பையெல்லாம் சாய்ச்சீங்களே...”

மேடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடுக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து, பழகிய குரலில் கேட்டார்:

“எல்லாரும் ஏறியாச்சா?”

“ஏறியாச்சு ஆன்ட்டி!” என்று ராகமாக வந்தது பின்னாலிருந்து. அடுத்த நொடி வாலு நாக்கைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாஸ்டர் மகளைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். அவருடைய கால் தானாகப் போய்ப் பிரேக்கின் மேல் உட்கார்ந்தது.

“காலை எடுங்க மாஸ்டர்,” என்றார் மேடம், கியரைப் போட்டபடி. “தினமும் இவளை ஏத்திக்கிட்டுப் போற ஸ்கூல் பஸ்ஸை நான்தான் ஓட்டறேன், சேத்து வெச்ச காசுல இவ தனியா வாங்கின முதல் சாமான் அந்த ஷூ இல்ல, உங்க ஆபீஸ்ல என் பேர்ல பணம் கட்டி வாங்கின உங்க காலைப்பொழுது.”